ஸ்டார்ட் பட்டன் வைக்கலாம்... சாவியைத் தூக்கிப் போடலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை. டேஷ்போர்டில் வட்டமாக ஒரு பட்டன், சுற்றிலும் நீல விளக்கு. ஒரே அழுத்தில் இன்ஜின் உறும வேண்டும். ரீல்ஸைத் திறந்தால் மாருதி 800, ஜென், அம்பாசிடர் என்று எல்லாவற்றிலும் இதை மாட்டிக் காட்டுகிறார்கள். கிட் ஆன்லைனில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. 'அரை மணி நேர வேலைதான் பாஸ்' என்கிறார்கள்.

அதில் பொய் இல்லை. ஆனால், அந்த வீடியோக்கள் எல்லாமே இன்ஜின் ஸ்டார்ட் ஆவதோடு முடிந்துவிடுகின்றன. அவசரத்தில் அதை எப்படி நிறுத்துவது, குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் காட்டுவதில்லை. இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான்.

பட்டன் அண்ணன், சாவி தம்பி!

ஸ்டார்ட் பட்டன் என்றதும் சொகுசு கார்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சாவியைவிட பட்டன்தான் மூத்தது.

ஆரம்பகால கார்களை முன்பக்கம் இரும்புக் கைப்பிடி செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நம் ஊரில் பழைய அம்பாசிடரையும் லாரியையும் அப்படிச் சுற்றியதைத் தாத்தாக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்று ஒரு பாடமே உண்டு.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் முன்பு கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்து கொடுத்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி பலமாக இழுத்தால் போதும். காரைக் கிளப்பவும் அதே கணக்குதானே என்று யோசித்தார். சின்ன மோட்டார், சில நொடிகள் மட்டும் தன் சக்திக்கு மீறி உழைக்கட்டும், பிறகு ஓய்வெடுக்கட்டும். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அந்த 'செல்ஃப்' வந்தது. நம் மெக்கானிக்குகள் இன்றும் 'செல்ஃப் அடி' என்று சொல்வது அந்த மோட்டாரைத்தான்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கார்களில் செல்ஃபை இயக்கியது காலால் மிதிக்கும் பட்டன் அல்லது டேஷ்போர்டு பட்டன். வில்லிஸ் ஜீப்பில் அது தரையில் இருக்கும். 1949-இல் கிறைஸ்லர் நிறுவனம், சாவியைத் திருப்பினாலே செல்ஃப் அடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு உலகமே சாவிக்கு மாறியது.

ஏன் மாறியது? ஒரே சாவிக்குள் பல வேலைகள் அடங்கிவிட்டன. கரண்டைத் திறப்பது, செல்ஃப் அடிப்பது, பெட்ரோல் காராக இருந்தால் இன்ஜினை நிறுத்துவது... பின்னாளில் ஸ்டீயரிங்கைப் பூட்டுவதும் அதோடு சேர்ந்தது. பட்டன் மாட்ட நினைப்பவர்கள் முதலில் எழுத வேண்டிய கணக்கு இது. பட்டன் எடுத்துக்கொள்வது இதில் ஒரே ஒரு வேலையை. மற்ற வேலைகளை யார் பார்ப்பது?

புது காரில் மட்டும் எப்படி?

'புது காரில் சாவியே செருகுவதில்லையே?' என்று கேட்கலாம். அங்கே பட்டன் எதையும் நேரடியாக இயக்குவதில்லை. நீங்கள் அழுத்துவது ஒரு விண்ணப்பம் மாதிரி. காருக்குள் இருக்கும் கணினி, சாவி வண்டிக்குள் இருக்கிறதா, பிரேக்கிலோ கிளட்ச்சிலோ கால் இருக்கிறதா, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் செல்ஃபுக்கு அனுமதி கொடுக்கும்.

இதன் எளிய வடிவம் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா, கிக்கரை உதைக்காமல் பட்டனால் ஸ்கூட்டர் கிளப்பலாம் என்று நம் ஊர்க் குடும்பங்களுக்குக் காட்டியது. இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால்தான் செல்ஃப் அடிக்கும். இல்லையென்றால் பட்டனைத் தொட்டதும் வண்டி சீறிப் பாய்ந்துவிடும் அபாயம் உண்டு. அந்தக் காவல் இல்லாமல் ஸ்கூட்டரிலேயே பட்டன் வைப்பதில்லை.

பழைய காரில் நாம் வாங்கி மாட்டுவது பட்டனை மட்டும்தான். அதற்குப் பின்னால் நிற்கும் காவலை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

புதுக்கோட்டையில் ஒரு 800

புதுக்கோட்டை என்றதும் மன்னர் ஆண்ட ஊரை நினைக்காதீர்கள். இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இருக்கும் நம்ம புதுக்கோட்டை. அங்கே ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை ஒன்றில் ஒரு மாருதி 800-க்கு இந்த வேலை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பா ஓட்டிய காரை மகன் ஆசையாகத் தேற்றி வைத்திருக்கிறார். கிட் வாங்கிக்கொண்டு வந்தவர், சாவி ஸ்விட்ச்சையே கழற்றிவிடலாம் என்று இருந்தார். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒப்பவில்லை.

"பட்டன் வைக்கது பெரிய வேல இல்ல தம்பி. சாவிய உருவிட்டா வண்டி செத்த மாதிரி கெடக்கணும். அத மட்டும் மாத்தாதீய" என்றார்.

"ஏன் அண்ணாச்சி, ரிமோட்தான் இருக்குல்ல?"

"வீட்ல சின்னப் புள்ள இருக்கா?"

நாலு வயதில் மகள் இருக்கிறாள். முன் சீட்டில் ஏறினால் எல்லா பட்டனையும் அழுத்திப் பார்க்கிறவள். அதோடு விவாதம் முடிந்தது.

அண்ணாச்சி கேட்ட கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது. மேடான இடத்தில் நிறுத்தும்போது நாம் முதல் கியரில் போட்டு நிறுத்துவது வழக்கம். அப்படி கியரில் நிற்கும் வண்டியில் செல்ஃப் அடித்தால், இன்ஜின் பற்றிக்கொள்ளாவிட்டாலும் செல்ஃப் மோட்டாரே காரை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். எதிரே சுவர் இருந்தால் பம்பர் போகும். ஆள் நின்றால்? சாவியைத் திருப்பக் குழந்தைக்கு வலு வேண்டும், சாவியும் கையில் கிடைக்க வேண்டும். நீல விளக்கு எரியும் பட்டனுக்கு ஒரு விரல் போதும்.

கயிறு பிடிக்கும் மச்சான்

இனி ஒயரிங்குக்கு வருவோம். சின்ன பெட்ரோல் கார்கூட செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். தொடக்க நொடியில் அதைவிடவும் அதிகம். நம் வீட்டு மெயின் ஸ்விட்ச்சின் எம்சிபி பெரும்பாலும் 32 அல்லது 40 ஆம்பியர்தான். அப்படியென்றால் விரல் நுனி அளவு பட்டன் வழியாக இதை அனுப்ப முடியுமா? முடியாது. பட்டன் உருகும், ஒயர் எரியும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கடலடியில் இருப்பவர் கயிற்றை லேசாக ஒரு இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான் அவர் வேலை. மேலே தோணியில் நிற்பவர் அந்தச் சைகையைப் புரிந்துகொண்டு பாரத்தோடு ஆளைத் தூக்குவார். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். தங்கச்சி புருஷனை விட்டுவிட மாட்டான் என்ற நம்பிக்கை!

ரிலே என்பது அந்த மச்சான்தான். பட்டன் கொடுப்பது 1 ஆம்பியரில் கால் பங்குகூட இல்லாத சின்னச் சைகை. ரிலே அதைக் கேட்டு, செல்ஃப் மோட்டார் மேல் இருக்கும் சொலினாய்டுக்குக் கரண்டை அனுப்பும். சொலினாய்டு தன் தடித்த செம்பு முனைகளை இணைத்து, பேட்டரியிலிருந்து வரும் கனத்த கேபிளை மோட்டாரோடு சேர்க்கும். அந்தக் கனத்த கேபிளில் நாம் கை வைக்கவே தேவையில்லை.

எந்த ஒயர் எங்கே?

ரிலேயின் அடியில் 30, 87, 86, 85 என்று எண்கள் இருக்கும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பிறகு...

1. பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதற்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது.

2. ரிலேயின் 87-லிருந்து, சொலினாய்டுக்குப் போகும் ஸ்டார்ட் ஒயர்.

3. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து, சின்ன ஃப்யூஸ் வழியாக பட்டன். பட்டனிலிருந்து 86.

4. ரிலேயின் 85-லிருந்து கிளட்ச் பெடலில் பொருத்தும் ஸ்விட்ச். அங்கிருந்து எர்த்.

மூன்றாவதும் நான்காவதும்தான் இந்த வேலையின் உயிர். சாவி இல்லாவிட்டால் பட்டனுக்குக் கரண்டே வராது. கிளட்ச்சை மிதிக்காவிட்டால் ரிலே இழுக்காது. புது காரின் கணினி கேட்கும் முக்கியமான கேள்விகளை, ஒரு ரிலேயும் ஒரு ஸ்விட்ச்சும் வைத்து நாமும் கேட்டுவிடலாம்.

சாவியின் பழைய ஸ்டார்ட் நிலையையும் துண்டிக்காமல் விட்டுவிடுங்கள். என்றைக்காவது பட்டன் மக்கர் செய்தால் சாவி கைகொடுக்கும். சாவியின் தலையில் சிப் இருக்கும் கார்களுக்கும் இதுவே நல்லது. அந்த சிப்பை ஏமாற்ற ஒரு சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது திருடனுக்குச் சாவி கொடுப்பதுதான்!

ஒயர் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். பழைய வண்டியில் எத்தனையோ பேர் கை வைத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஏர்பேக் இருக்கும் காரில் ஸ்டீயரிங் பக்கத்து ஒயர்களைத் தொடவே வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள்

பட்டன், ஹாரன் ஸ்விட்ச் மாதிரி விட்டதும் திரும்பிவிட வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கிற ரகம் வேண்டாம். இன்ஜின் கிளம்பிய பிறகும் செல்ஃப் ஒட்டிக்கொண்டே சுற்றினால் மோட்டார் கருகிவிடும்.

ஒரு முறைக்கு 5 முதல் 10 விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது. கிளம்பவில்லையா, அரை நிமிடம் பொறுங்கள். கெட்டரிங்கின் கணக்கை மறக்க வேண்டாம். அது சில நொடிகளுக்காகச் செய்யப்பட்ட மோட்டார்.

பட்டனை ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் வையுங்கள். பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு எட்டாது. ஓடும்போது தெரியாமல் கைபட்டு 'கரகர' என்று பல்சக்கரம் தேயும் வாய்ப்பும் குறையும்.

சாவியால் செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான கார்களில் பாட்டு, ஃபேன் எல்லாம் ஒரு நொடி அணையும். பேட்டரியின் முழு பலமும் செல்ஃபுக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பட்டனில் அது நடக்காது. எனவே ஹெட்லைட், ஃபேன், பாட்டை அணைத்துவிட்டு அழுத்துங்கள்.

இந்தக் கடலோரத்துக்கென்று தனியாக ஒரு எதிரி உண்டு... உப்புக் காற்று. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த ஊரில், ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றினால், சீக்கிரமே உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். அழுத்தினால் 'டிக் டிக்' சத்தம்தான் வரும், செல்ஃப் சுற்றாது. முனைகளை நன்றாகக் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

நிறுத்த முடியாத கார்

இப்போது முதலில் கேட்ட கேள்வி. எப்படி நிறுத்துவது?

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில் நடந்த விபத்து இது. நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர், ஷோரூம் தற்காலிகமாகக் கொடுத்திருந்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். வேறு மாடலுக்கான தரைவிரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டு கார் கட்டுப்பாடில்லாமல் ஓடியது. காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள்.

அந்தக் காரில் சாவி செருகும் துளை இல்லை, பட்டன்தான். ஓடும்போது இன்ஜினை அணைக்க அந்தப் பட்டனை 3 விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாதாரண நாளில் 3 விநாடி ஒன்றுமில்லை. பதற்றத்தில் யாருக்கும் தட்டித் தட்டி அழுத்தத்தான் தோன்றும். அந்த விபத்துக்கு முதல் காரணம் விரிப்புதான். ஆனாலும், பட்டன் வைத்த காரை அவசரத்தில் எப்படி நிறுத்துவது என்ற கேள்வி அதன் பிறகுதான் பெரிதாக எழுந்தது.

இன்னொரு பக்கம், இன்ஜினை அணைக்க மறந்துபோவது. பட்டன் கார்களில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். வீட்டோடு ஒட்டிய கராஜில் அப்படி ஓடி, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி அமெரிக்காவில் பலர் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். 2006 முதல் அப்படி 28 பேர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2018-இல் எழுதியது. ஷட்டர் போட்ட கார் ஷெட் நம் ஊரிலும் உண்டு.

மலிவான சில கிட்களில் சிக்கல் தலைகீழ். ஓடும்போது பட்டனை லேசாகத் தொட்டாலே இன்ஜின் அணைந்துவிடும். அணைந்தால் பிரேக் கல் மாதிரி கனக்கும். அதைவிட மோசம், சாவியைச் செருகாமலே கிட் மூலம் இன்ஜின் ஓடுவது. ஸ்டீயரிங் பூட்டு அப்படியே இருக்கும்போது வண்டி நகர்ந்தால் திருப்பவே முடியாது. இதற்குப் பயந்து பூட்டையே உடைத்து எடுத்துவிட்டால், திருடனுக்கு ஒரு வேலை மிச்சம்.

இத்தனைக்கும் புதுக்கோட்டை அண்ணாச்சி சொன்ன ஒரே வழி போதும். ஆன் செய்ய பட்டன், ஆஃப் செய்ய சாவி. ஓடும்போது ஆபத்து என்றால் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்புங்கள். முழுவதும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பழைய டீசல் வண்டி சிலவற்றில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். அந்தக் குமிழ் எங்கே என்பது வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சாவியா பட்டனா என்று ஆர்.சி-யில் எழுதுவதில்லைதான். ஆனாலும் ஸ்டீயரிங் பூட்டை எடுக்காமல், அசல் ஒயரிங்கை வெட்டாமல், நினைத்தால் பழையபடி மாற்றிவிடும்படி செய்வதே புத்திசாலித்தனம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள். கார் திருடுபோனால் அவர்கள் பொதுவாக முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளையும்தான். 50 வயது தாண்டிய காரா? 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிகள் அசல் வடிவத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. அதில் துளை போடுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

மாட்டி முடித்ததும்...

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு நான்கு சோதனைகள் செய்து பாருங்கள். சாவி இல்லாமல் அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. சாவி ஆனில் இருந்தாலும் கிளட்ச் மிதிக்காமல் அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் இன்ஜின் கிளம்ப வேண்டும், விரலை எடுத்ததும் செல்ஃப் விட்டுவிட வேண்டும். கடைசியாக, சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே அடங்க வேண்டும்.

நான்கில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நான்கும் சரியென்றால் தைரியமாக ரீல்ஸ் போடுங்கள். ஆனால் இந்த முறை, இன்ஜினை நிறுத்துவதையும் சேர்த்துக் காட்டுங்கள்!